எந்த ஈயம்?

கண்ணுக்குள் ஊசி விட்டு ஒரு சொட்டு எடுத்தார்கள்.
அறுவைக்கு எப்படியும் திறக்கிற கதவுதான்,
வழியில் வடிகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்றாள்
டாக்டர் ஷபிக்கா, மலாயில், மெதுவாக.
கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம்.
இமையோரம் காகிதக் கீற்று செருகி
ஐந்து நிமிடக் கண்ணீர்.
அழாமல் நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.
துத்தநாகம், செம்பு, செலினியம், மாங்கனீசு,
காட்மியம், ஈயம்.

எந்த ஈயம்?

சுங்கை சிப்புட்டில் பிறந்தவள் கேட்கத்தான் செய்வாள்.
ஈயலம்பக் குட்டையில் துணி அலசிய வீடு எங்களுடையது.
அது வெள்ளீயம்.
இவர்களுக்கு வேண்டியது காரீயம்,
பழைய பெயிண்டில், பழைய பெட்ரோல் புகையில் இருந்தது.
நர்ஸ் பரிமளகாந்தி கைப்பேசியில் தேடிவிட்டு
ஆமாம்க்கா, கறுப்பு என்றாள்.

சிலது உடம்புக்கு வேணுமாம், கொஞ்சமாய்.
கூடினால் அதுவே தொல்லையாம்.
எவ்வளவு கொஞ்சம்?
ஒரு டேங்கர் பாலுக்கு
மங்கின் விளிம்பில் காய்ந்து ஒட்டியதில் ஒரு துணுக்கு.
அதையும் சூரியனை விடச் சூடான தீயில் ஊதி
எண்ணிவிடுமாம் ஒரு மெஷின்.

எண்ணுவது எனக்குப் புதிதல்ல.
பதினெட்டு வருஷம் பால் ஸ்டோரில் கணக்கு எழுதினேன்.
காண்டா வாளி இறங்கும்,
மெட்ரோலாக்கை மிதக்க விடுவேன்,
தண்டு நிற்கும் கோடுதான் அன்றைய கூலி.
எழும்பினால் தண்ணி.

ஒருநாள் செசிலியாவின் பாலில் எழும்பியது.
"தண்ணி கலந்திருக்கே" என்றேன், வரிசைக்கே கேட்கும்படி.
"ராத்திரி மழ பேஞ்சுச்சு, மங்கெல்லாம்..." என்றாள்.
நான் எண்ணை எழுதினேன்.
எண் பொய் சொல்லாது என்று நம்பிய வயது.

தோட்டம் செம்பனையானது. ஸ்டோரில் உரமூட்டை அடுக்கினார்கள்.
அவளும் டவுனுக்கு வந்தாள், நானும் வந்தேன்.
காலைச் சந்தையில் இரண்டு வருஷமாய்
எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு.
பக்கத்தில்தான் போயிருப்பாள்,
ஒரு வார்த்தை கிடையாது.
இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
நானும் மீன்காரியோடு விலை பேசினேன்.

அப்புறம்தான் அந்தக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து
புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பரீட்சை.
எல்லாம் அழுத்தினேன் என்றுதான் எழுந்து வந்தேன்.
தாளில் இடப்பக்கம் முழுக்க மை கொட்டியிருந்தது.
எனக்கு அங்கே இருட்டே இல்லை, டாக்டர்.
இருட்டு இருந்திருந்தால் கவனித்திருப்பேனே.
அங்கே எதுவுமே இல்லை, இல்லை என்பதும் தெரியவில்லை.

அவள் எப்போதும் இடப்பக்கமாகத்தான் வருவாள்.
அந்த மைக்குள் எத்தனை தடவை தலையாட்டினாளோ.

கட்டு அவிழ்த்த அன்று கேட்டேன்: என் எண் என்ன?
ஒருவர் எண்ணைச் சொல்லுவதில்லை என்றாள் ஷபிக்கா.
அறுபது பேரைச் சேர்த்துத்தான் பார்ப்போம்.
கூடியிருந்தாலும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.
நோய் வந்ததால் கூடியிருக்கலாம்.
வயதாக இருக்கலாம், சாப்பாடாக இருக்கலாம், குடித்த மருந்தாக...

"மழையாகவும் இருக்கலாம்" என்றேன் தமிழில்.
பரிமளகாந்தி அதை மொழிபெயர்க்கவில்லை.

அழுத்தம் இப்போது பதினான்கு.
போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.
முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் சொட்டு மருந்து,
ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று.

போன ஞாயிறு சந்தையில்
கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன்,
ஆந்தை மாதிரி.
கங்கோங் கட்டோடு நின்றாள். பல் இரண்டு போயிருந்தது.
அன்னைக்கு மழதானே செசிலியா, என்றேன்.

"எந்த மழ?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல
அவள் முகம் எங்கேயோ போய்த் தேடிவிட்டு வந்தது.
"அத விடு. கண்ணுல என்ன, செவந்திருக்கு?"

பச்சைமிளகாய்க்காரப் பையன்
தராசு முள் நிற்பதற்குள் பையில் கொட்டினான்.
நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.